ஒரே மிஷினுக்கு ரெண்டு பேரு

“சொந்த வீட்டுக்குள்ளயே நின்னுக்கிட்டு, வெளியூருல நிக்கிறதா நெனைக்குது சித்தப்பா.”

டயகமவிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் கலைந்தது. அவள் மடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் பலகை. பக்கத்தில் சித்தப்பா, மடியில் ஒரு ஃபைலோடு.

“எது நெனைக்குது?”

“புரோகிராம் கட்டுற டூல். இது ஆர்ம்ங்கிற சிப்பு வச்ச மிஷின். இதுக்கு வேண்டியதை இதுலயே வச்சுத்தான் கட்டுறேன். டூல் என்னடான்னா, வேற மிஷினுக்குக் கட்டுறேன்னு நெனச்சு, அதுக்குன்னு இருக்கிற கிராஸ் கம்பைலரைத் தேடுது.”

“ஏன் அப்படி?”

“மிஷின் தனக்கு ஒரு பேரு சொல்லுது. நான் எழுதிக் கொடுத்தது இன்னொரு பேரு. ரெண்டும் ஒண்ணுதான். அது நம்ப மாட்டேங்குது.”

சித்தப்பா ஃபைலைத் தட்டினார். “எங் கதயும் அதான். பொறந்த சர்டிபிகேட்டுல முத்தையா. தோட்டத்து ரெஜிஸ்டர்ல, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுற சின்னவன். ரெண்டு ஆளுன்னு சொல்லி ஐடி கார்டு தர மாட்டேங்கிறாங்க.”

ரெண்டு வளைவு தாண்டியதும் அவர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்.

“நீ எப்படி அதை நம்ப வச்ச?”

“பேரைப் பாக்காதே, குட்டி புரோகிராம் ஒண்ணைக் கட்டி இதுலயே ஓட்டிப் பாருன்னேன். ஓடுச்சு. இந்த மிஷினுதான்னு ஒத்துக்கிச்சு.”

பஸ் நின்றது. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சித்தப்பா எழுந்தார்.

“அப்ப நான் இதைக் கொண்டாந்தது பெசகு. கவ்வாத்துக் கத்தியைக் கொண்டாந்து, ஒரு செடியை வெட்டிக் காட்டியிருக்கணும்.”