ஜீரோ அண்ணனின் மூச்சு

ஐயா, நான் பச்சை வெங்காயம் தின்று பல வருஷம் ஆகிறது. பூண்டும் அப்படித்தான். சிகரெட், மது எதுவும் கிடையாது. கெட்ட பழக்கத்தால் இப்படி ஆகிவிட்டேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது, அதற்காகத்தான் முதலிலேயே சொல்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் நான் ஸ்டோர் கீப்பர். கையுறை, ரப்பர் குழாய், கேஸ் சிலிண்டர் எல்லாம் என் பொறுப்பு. அங்கே மூச்சை வைத்தே நுரையீரல் நோயைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு உயிர் ஒரு சில்லு. நகத்தளவு இருக்கும். அதன்மேல் குறைக்கடத்தியை வெங்காயச் சருகைவிட மெல்லிசாகப் படியவைத்திருப்பார்கள். ஊதினால் மூச்சில் இருக்கும் ஆவி அதில் ஒட்டும், உள்ளே ஓடும் மின்சாரம் துளி மாறும். சில்லுகளோ ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரி. ஒன்றின் குணம் இன்னொன்றுக்கு வராது. அதனால் தினமும் காலையில் ஆரோக்கியமான ஆள் ஒருவர் ஊதி, இதுதான் நல்ல மூச்சு என்று அவற்றுக்குக் காட்ட வேண்டும். பிறகு ஊதுகிறவர்களின் மூச்சு அதைப் போலவே இருந்தால் பச்சை விளக்கு. விலகினால் சிவப்பு.

முதலில் பல பேர் ஊதினார்கள். ஒருவர் புகைத்துவிட்டு வருவார், இன்னொருவர் வரவே மாட்டார். தவறாமல் வந்தவன் நான் ஒருவன்தான். கடைசியில் டைரக்டர் அம்மா என் மூச்சு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். அளவு என்னிடமிருந்து தொடங்குவதால் எனக்கு ஜீரோ அண்ணன் என்று பெயர் விழுந்தது. சாய்வு நாற்காலி போட்டார்கள். நான் ஊதும்போது படித்தவர்கள்கூடக் கதவை மெதுவாகச் சாத்துவார்கள்.

வீட்டில் நிலைமை வேறு. என் மனைவியின் தம்பி எங்களோடு இருந்தான், லாரி மெக்கானிக். "மூச்சு விடுறதுக்கா மாமா ஆள் வெச்சிருக்காங்க? அத நாங்க வீட்டுல சும்மாவே செய்யறோமே," என்பான். அவன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன். எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை நான்.

பிறகு எனக்கு இருமல் வந்தது. ஊரின் மறுகோடியில் ஒரு டாக்டரிடம் போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கருவி தேடுகிற அதே நோய். ஆரம்பம்தான், மாத்திரையில் போய்விடும் என்றார். சாப்பிட்டேன். உடம்பு தேற ஆரம்பித்தது. ஆனால் சில்லுகளின் அளவு தள்ளாட ஆரம்பித்தது. நோய் மெல்ல வந்தபோது யாருக்கும் தெரியவில்லை. வேகமாகப் போனபோது தெரிந்துவிட்டது. டைரக்டர் அம்மா நகத்தைக் கடித்துக்கொண்டு, "அண்ணனோட மூச்சு மாறுதோ என்னமோ. வேற ஆள் பாத்துடலாமா?" என்றார்.

அன்றைக்கே மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டேன். அளவு மறுபடியும் மலை மாதிரி நின்றது. விஞ்ஞானத்துக்காக உடம்பைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், சொல்லுங்கள்.

கருவி மருத்துவமனைக்குப் போனது, தினமும் காலையில் ஊத நானும் அங்கே போனேன். சிவப்பு வந்தவர்களுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனுக்கே தெரியாத நோயை நம் கருவி பிடிக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நோயில்லாதவர்கள் மாத்திரை விழுங்கினார்கள். நோயுள்ளவர்கள் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அது ஸ்டோர் கீப்பர் சொல்லக்கூடிய விஷயமா?

அப்புறம் மச்சினன் இருமினான். அக்காக்காரி தொல்லை தாங்காமல் நானே அழைத்துப் போனேன். ஊதினான். பச்சை. "அப்படியே நம்ம ஜீரோ அண்ணன் மூச்சு சார் உங்களுக்கு," என்றாள் டெக்னீஷியன் பெண்.

வெளியே வந்ததும் அவன் என் தோளில் கை போட்டான். அதுவரை போட்டதில்லை. "பயந்தே போயிட்டேன் மாமா. எதுக்கும் வேற எடத்துல ஒரு ஸ்கேன் எடுத்துடவா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். அவசரப்பட்டுச் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது.

"எதுக்குடா தண்டமா? என் மூச்சு மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்களுக்கு மேல எனக்கு யார் மாமா இருக்கா?" என்றான். என் வேலையை அவன் மதித்தது அன்றைக்குத்தான். மதிக்கிறவனிடம் போய், அந்த மதிப்புக்கு அடியில் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது?

குளிர்காலத்தில் அவனால் மாடிப்படி ஏற முடியவில்லை. அது முடிவதற்குள் இறந்துவிட்டான். கருவி பச்சைதானே காட்டியது என்று என் மனைவி இன்னமும் புலம்புகிறாள். அவனைப் போல இன்னும் எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். அந்த விவரம் ஸ்டோரில் இருக்காது, ஐயா.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். அவனைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தண்ணீருக்கு நன்றி. இந்த இருமலுக்காக டாக்டரையெல்லாம் கூப்பிட வேண்டாம். இன்று காலை நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் ஊதிப் பார்த்தேன். நல்ல பச்சை.