கூரையில் இரண்டு தட்டு

தேநீர் நன்றாக இருக்கிறது. உங்கள் பொலிஸ் நிலையத்தில் கொடுக்கும் தேநீரை வாயில் வைக்க முடியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது சரியில்லை. நீங்கள் தமிழில் பேசுவீர்கள் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. பேச்சைக் கேட்டால் திருச்சி, மதுரைப் பக்கம் போலிருக்கிறது. எனக்கு அது வசதிதான். காரைப் பற்றி ஆங்கிலத்தில்தான் பேச வரும், நாகேஸ்வரி அன்ரியைப் பற்றித் தமிழில்தான் பேச வரும். இந்த விஷயத்தில் இரண்டும் கலந்து கிடக்கிறது.

அன்ரி போன கிழமை தானாகவே உங்களிடம் வந்து, மகன் பிரஷாந்தனைத் தான்தான் கொன்றதாகச் சொன்னார் என்றீர்கள். பந்தயக் காருக்குள் ஒரு தேசிக்காயை ஒளித்து வைத்தாராம், அது உருண்டுபோய் பிரேக்குக்கு அடியில் சிக்கிவிட்டதாம். தேசிக்காய் என்றால் உங்கள் ஊரில் எலுமிச்சம்பழம். நொறுங்கிய காரில் அப்படி ஒன்றும் அகப்படாததால், துக்கத்தில் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று விசாரிக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அன்ரியின் புத்திக்கு ஒரு குறையும் இல்லை. அவர் வைத்தது உண்மை. அகப்படாததற்குக் காரணம் நான். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். எதையும் ஒழுங்காகச் செய்துதான் எனக்குப் பழக்கம்.

என் பெயர் சுஜீதன் என்பது உங்களுக்குத் தெரியும். டண்டினொங்கில் ஒரு டயர்க் கடையில் வேலை செய்கிறேன். அவுஸ்திரேலியாவுக்குத் தனியாக வந்தவன். உறவு என்று சொல்ல இங்கே யாரும் இல்லை. பிரஷாந்தன் எங்கள் கடைக்கு டயர் மாற்ற வந்துதான் பழக்கமானான். அவனுடைய பின்டயர்கள் மட்டும் நூல் தெரியத் தேய்ந்திருந்தன. ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற பொடியனுக்கு டயர் எப்படி இப்படித் தேயும் என்று கேட்டேன். சிரித்தான். அடுத்த சனிக்கிழமை என்னை ட்ராக்குக்குக் கூட்டிக்கொண்டு போனான். அதற்கடுத்த நாள் ஸ்பிரிங்வேலில் அவன் வீட்டில் எனக்குச் சாப்பாடு. தகப்பன் இல்லாத வீடு, தாயும் மகனும்தான். அன்ரி எனக்கு இரண்டாம் முறை சோறு போட்டபோது கேட்டுவிட்டுப் போடவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

ட்ரிஃப்ட் என்பது ஓட்டப் பந்தயம் இல்லை. யார் முதலில் வருவது என்பது பேச்சே இல்லை. வளைவில் காரைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு, சுவரை எவ்வளவு நெருங்கி, எவ்வளவு அழகாகப் போகிறோம் என்பதற்குத்தான் புள்ளி. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பழைய சில்வியாவை வாங்கினோம். ஜப்பான் கார், இரண்டு கதவு. உள்ளே இருந்த சீட், விரிப்பு எல்லாவற்றையும் பிய்த்தெறிந்துவிட்டு இரும்புக் கூண்டு வைத்தேன். புது டர்போ, பின்சக்கரத்தை மட்டும் இறுக்கிப் பிடிக்கிற நெட்டைக் கைப்பிரேக், எல்லாம் நான் பொருத்தியவை. என் கை படாத போல்ட் அதில் ஒன்றும் இல்லை. ஓட்டுவதை இருவரும் பங்குபோட்டுக்கொண்டோம்.

நான் ஓட்டினால் கார் சொன்னபடி கேட்கும். அவன் ஓட்டினால் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். எனக்குப் பொறாமை இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பக்கத்தில் நின்று பார்க்கிற யாருக்கும் இருந்திருக்கும்.

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. பந்தய சீட்டில் உட்கார்ந்து வார்களை இறுக்கி, ஹெல்மெட்டையும் கழுத்துப் பட்டியையும் மாட்டினால், ஓட்டுகிறவனால் குனியவும் முடியாது, தன் காலடியைப் பார்க்கவும் முடியாது. அதனால் மற்றவன் கதவு வழியாக உள்ளே குனிந்து தரையைத் தடவிப் பார்ப்பான். ஒரு ஸ்க்ரூ, ஒரு துணி, எதுவும் கிடக்கக் கூடாது. பார்த்து முடித்ததும் கூரையில் இரண்டு தட்டு. அதைக் கேட்ட பிறகுதான் காரைக் கிளப்புவது. அவன் தட்டினால் நான் மறுபேச்சில்லாமல் போவேன், நான் தட்டினால் அவனும் அப்படியே.

தேசிக்காய்க் கதை கார் வாங்கிய நாளிலேயே தொடங்கியது. கோயிலில் பூசை செய்து, நான்கு சக்கரத்துக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்தோம். உங்கள் ஊரிலும் செய்வீர்கள். அன்ரிக்கு அது போதவில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் பூசையில் வைத்த ஒன்றைக் காருக்குள் போட்டுவிடுவார். ஒருமுறை காரைச் சோதிக்கிற அதிகாரி அதைக் கண்டுபிடித்து, இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, குடிக்கவா கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு எங்களை ஓடவிடாமலே அனுப்பப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து பிரஷாந்தன் தாயிடம் கொஞ்சம் சூடாகவே சொன்னான்.

“அம்மா, காருக்குள்ள ஒண்டும் உருளக் கூடாது. உங்கட நேர்த்தி எல்லாத்தையும் வெளியில வையுங்கோ.”

அன்ரி தலையாட்டினார். தாய்மார் தலையாட்டுவதை நம்பக் கூடாது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். சிட்னியில், மெரிலேண்ட்ஸ் பக்கம், ஒருவர் பந்தயக் குழு வைத்திருக்கிறார். பெரிய போட்டிகளுக்குப் போகிற குழு. அவர்களிடம் ஓட்டுகிறவனுக்கு ஒரு சீட் காலியாகியிருந்தது. எங்கள் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அவரே மெல்பேர்ணுக்கு வந்தார். ஆளுக்கொரு ஓட்டம், அதைப் பார்த்து ஒருவரை எடுப்பதாகச் சொன்னார். எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி ஒரு வாசல் திரும்பத் திறக்காது. பிரஷாந்தனுக்குக் கிடைக்காவிட்டால் அவனுக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, தாய் இருக்கிறார். எனக்குக் கிடைக்காவிட்டால் டயர்க் கடைதான். இதை நீங்கள் நியாயமாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

நான் முதலில் ஓடினேன். ஒரு பிழையும் விடவில்லை. இறங்கி வந்து பார்க்கிறேன், அந்த மனிதர் பக்கத்தில் நின்றவரிடம் நல்ல கோப்பி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் ஹெல்மெட்டைக் கழற்றவும் மறந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

பிறகு பின்டயர்களை மாற்றக் குந்தியிருந்தேன். பிரஷாந்தன் உடுப்பு மாற்றப் போயிருந்தான். காரின் மறுபக்கம், மகன் ஓடுவதைப் பார்க்க வந்திருந்த அன்ரியின் செருப்புத் தெரிந்தது. எழுந்து பார்த்தேன். கதவுக்குள் குனிந்திருந்தவர் என்னைக் கண்டதும் திடுக்கிட்டார். பிறகு உதட்டில் விரலை வைத்துச் சிரித்தார்.

“அவனுக்குச் சொல்லிப் போடாதை தம்பி.”

“ஓம் அன்ரி,” என்றேன்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான் என்று பல நாள் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

பிரஷாந்தன் வந்து உட்கார்ந்தான். வார்களை நான்தான் இறுக்கினேன். உள்ளே குனிந்து பார்த்தேன். தேசிக்காய் இருந்தது. நான் அதைக் காருக்கு வெளியே எடுக்கவில்லை. நிமிர்ந்து கூரையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவன் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டம் பிசகினால் போதும், ஒருமுறை கால் தடுமாறி, கோடு தப்பி, புல்லுக்குள் போனால் போதும் என்று நினைத்தேன். புல்லுக்குள் போகாதவன் எவனும் இந்த விளையாட்டில் இல்லை.

அவன் போய்த் தொடக்கக் கோட்டில் நின்றான். முன்னால் ஓடிய யாருடைய காரோ எண்ணெய் கொட்டிவிட்டிருந்தது. துடைத்து முடிக்கும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். நான் மேட்டில் ரேடியோவுடன் நின்றேன். ஓட்டுகிறவனுக்கு வழி சொல்ல ஒருவர் அப்படி நிற்பது வழக்கம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் இறங்கியிருப்பான். சொல்லிவிடத்தான் இருந்தேன். வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் அவன் பேசினான்.

“மச்சான், கையெல்லாம் வேர்க்குது. ஒண்டு சொல்லட்டே? அந்தாளிட்டக் காலமையே சொல்லிப்போட்டன், எனக்குச் சீட் தந்தா நீயும் வரவேணுமெண்டு. உன்னைவிட்டா அங்க எனக்கு ஆர் கார் பாக்கிறது?”

நல்ல மனம்தான். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் நான் ஓடுவதற்கு முன்பே அந்த மனிதரிடம் அவன் என்னைக் கார் பார்க்கிறவனாக்கிக் கொடுத்துவிட்டான். நான் ஓடியபோது அவர் ஏன் கோப்பியைத் தேடினார் என்பது அப்போதுதான் விளங்கியது. எனக்குக் கோபம் வரவில்லை. சொல்ல வந்த வார்த்தைதான் போய்விட்டது. எண்ணெயைத் துடைத்துவிட்டார்கள் என்று கை காட்டினார்கள்.

“எல்லாம் சரி. போ,” என்றேன்.

முதல் இரண்டு வளைவிலும் அவன் ஓடியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சிட்னிக்காரர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டார். மூன்றாவது வளைவுக்கு முன்னால் பிரேக்கை ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். அவன் குறைக்கவில்லை. சுவரில் மோதியது ஓட்டுகிறவன் பக்கம். சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியது.

முதலில் ஓடிப் போனவன் நான்தான். வார்களை அறுத்தவனும் நான்தான். அதற்காக என்னை எல்லோரும் பாராட்டினார்கள், உங்கள் ஆட்களும் முதுகில் தட்டினார்கள். அறுப்பதற்குக் குனிந்தபோது பிரேக்குக்குக் கீழே நசிந்து கிடந்ததை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டேன். அன்ரியின் மேல் பழி வரக் கூடாது என்று எடுத்தேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ஓட்டியவன் வேகத்தைத் தப்பாகக் கணித்துவிட்டான் என்று அறிக்கை வந்தது. காலியாக இருந்த சீட்டை என்னிடம் கொடுத்தார்கள். காரின் கதவில் அவன் பெயரை எழுத வேண்டும் என்று கேட்டேன், சம்மதித்தார்கள். ஒவ்வொரு போட்டியிலும் அவனுக்காகத்தான் ஓடுகிறேன். பேட்டியிலும் அதைத்தான் சொல்கிறேன், அதில் நடிப்பு இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அன்று வந்தவர்களெல்லாம் போன பிறகு, அன்ரி குசினி அடுப்படியில் வைத்து என் கையைப் பிடித்தார்.

“தம்பி, நான்தான் என்ர பிள்ளையைக் கொண்டுபோட்டன். நீயும் கண்டனிதானே.”

“அதை ஆருக்கும் சொல்லாதேங்கோ அன்ரி. நானும் சொல்ல மாட்டன்.”

அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். என் வாழ்நாளில் ஒருவர் என்மேல் சாய்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. தனியாக அவருக்கு நித்திரை வராது என்பதால் பிரஷாந்தனுடைய அறைக்குக் குடிவந்தேன். என்ன கறி வேண்டும் என்று காலையிலேயே கேட்பார். நான் சிட்னிக்குப் போனால் திரும்பி வரும்வரை சாப்பிடமாட்டார். நான் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நேரம் அவரை யார் பார்த்திருப்பார்கள்? எல்லாப் பக்கமும் யோசித்துத்தான் செய்தேன். ஆனால் பாரம் தாங்காமல் அவர் உங்களிடம் வருவார் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

நீங்கள் கேட்கவிருப்பது எனக்குத் தெரியும். அன்ரி அதை எங்கே வைத்ததாகச் சொன்னார்? சீட்டுக்குக் கீழே, பின்பக்கம், என்றிருப்பார். அதை எப்படி வைத்தார் என்று சொல்லியிருக்க மாட்டார். நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். மகன் சொன்ன சொல்லை அவர் முழுக்க மீறவில்லை. உருளக் கூடாது என்றான் அல்லவா? மஞ்சள் துணியில் இறுக்கி முடிந்து, சீட்டின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, இடுக்குக்குள் அழுத்தி வைத்திருந்தார். கார் தலைகீழாகப் புரண்டாலும் அது அசைந்திருக்காது. முடிச்சு தானாக அவிழ்ந்து உருண்டுவிட்டது என்றுதான் அவர் இன்னும் நம்புகிறார். எனக்கு முடிச்சை அவிழ்க்கவே நேரம் எடுத்தது. பிரஷாந்தன் கண்ணை மூடி ஏதோ தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். துணியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தேசிக்காயை அவன் காலுக்குச் சற்றுப் பின்னால், வெறும் தரையில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் தட்டினேன்.

இதுதான் நடந்தது. கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன், எத்தனை வருடமானாலும் உள்ளே இருக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த முடிச்சைப் பற்றி மட்டும் அன்ரிக்குச் சொல்லிவிடாதீர்கள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர். என்னையும் இழந்தால் தாங்க மாட்டார்.