முகட்டு உயரம்

பேரி மரத்துக்குக் குளிர்காலத்தில்தான் கிளை கழிக்க வேண்டும். மற்ற மாதங்களில் வெட்டினால் மரம் சொன்ன பேச்சு கேட்காது. அதனால் பசிபிக் கடலில் இருக்கும் தன்னா தீவு ஆட்களான நாங்கள், ஆஸ்திரேலியாவில் குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதம் ஷெப்பர்ட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் வந்து இறங்கினோம். நான்தான் கங்காணி.

முதலாளியான தோட்டக்காரர் பழைய பழக் கொட்டகையைப் படுக்க ஒதுக்கினார். "ஆளுக்குப் பத்து கன மீட்டர் காத்து இருக்கணும், யாவுக்கோ. அளந்து சொல்லு. எத்தனை பேருக்கு வருதோ அத்தனை பேர வச்சுக்க" என்றார்.

நான் தலை நரைத்த பிறகு தேவாலய வகுப்பில் எழுத்தும் பெருக்கலும் கற்றவன். டேப் பிடித்து அளந்தேன். நீளம் பன்னிரண்டு, அகலம் ஆறு, உயரம் ஐந்து. பெருக்கினால் முந்நூற்று அறுபது. என்னையும் சேர்த்து நாங்கள் முப்பத்தாறு பேர். அன்று மனசு நிறைந்திருந்தது.

மூன்றடுக்குக் கட்டில் போட்டோம். என் மனைவியின் தம்பி நாக்கோ, சுவரோரத்து மேல்கட்டிலில் ஏறிப் பார்த்துவிட்டுத் தலையைத் தேய்த்தபடி இறங்கினான்.

"மச்சான், உயரத்த எங்க வச்சு அளந்த?"

"நடுவுல. முகட்டுக்கு நேரா."

"முகட்டுல யாரு தொங்கப்போறா, பழந்தின்னி வவ்வாலா? ஓரத்துல மூணு மீட்டருதான் இருக்கு. கூரை சரிஞ்சுல்ல வருது. உங்க வாத்தியாரு சரிவு சொல்லித் தரலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சான் கேலி செய்தால் கோபப்படக் கூடாது என்பது எங்கள் வழக்கம்.

அப்புறம் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓரம் மூன்று, நடு ஐந்து, சராசரி நான்கு. இருநூற்று எண்பத்தெட்டுதான் வந்தது. இருபத்தெட்டுப் பேருக்குத்தான் இடம். எட்டுப் பேரைத் திருப்பி அனுப்பினால் ஊரில் என் பேச்சு எடுபடாது. அடுத்த வருஷம் வேறொருவன் கங்காணியாக வருவான். தோட்டக்காரரிடம் முந்நூற்று அறுபது என்றே சொன்னேன். காற்றை யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்.

குளிர் இறங்கியதும் ஆட்கள் ஹீட்டர் கேட்டார்கள். நான் போய்க் கேட்டால் தோட்டக்காரர் உள்ளே வருவார், கட்டில்களைப் பார்ப்பார். அதனால் கேட்கவில்லை. ஊரில் குடிசைக்குள் நெருப்பு வைத்துக்கொண்டுதான் நாங்கள் தூங்குவோம். புகை ஓலை வழியே போய்விடும். இது தகரக் கொட்டகை. அவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பழைய டின்னில் கங்கு அள்ளி உள்ளே கொண்டுவந்தார்கள். முகட்டுக்குக் கீழே இருந்த காற்றுத் துவாரத்தின் வழியே பனிக்காற்று வீசியது. அதைச் சாக்கு வைத்து அடைக்கலாம் என்றார்கள். துவாரத்தின் அடியில் ஒரு பலகை இருந்தது.

"அதுல என்ன எழுதியிருக்கு மச்சான்? நீதான் படிச்ச ஆளாச்சே" என்றான் நாக்கோ.

"கொட்டகை கட்டுனவன் பேரு" என்றேன்.

துவாரத்தை அடைக்காதே, உள்ளே நெருப்பு வைத்தால் உயிர் போகும் என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், ஆனால் முழுவதும் புரிந்தது. ஏணியில் ஏறிச் சாக்கைத் திணித்ததும் நான்தான்.

சில நாட்களில் நாக்கோ கண் சிவந்து வந்தான். "எல்லாருக்கும் தலை வலிக்குது மச்சான். ரெண்டு பேரு வாந்தி எடுத்தானுங்க. முதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்."

"குளிருக்கு அப்படித்தான் இருக்கும். வாயத் தொறந்தா உன்னத்தான் முதல்ல ஊருக்கு ஏத்துவாங்க. உங்க அக்காளுக்கு நீயே பதில் சொல்லிக்க."

அவன் வெட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெபத்துக்கு யாரும் வெளியே வரவில்லை. நான் போய்க் கதவைத் தள்ளினேன். சிலர் தவழ்ந்து வந்தார்கள். சிலரை இழுத்துப் போட்டேன். பதினோரு பேருக்கு மூச்சில்லை. நாக்கோ மேல்கட்டிலில் போர்வையைத் தலைவரை இழுத்து மூடியிருந்தான்.

நான்தான் கொன்றேன் என்று வாக்குமூலம் எழுதச் சொல்கிறீர்கள், போலீஸ் ஐயா. எழுதுகிறேன். தெரிந்துதான் செய்தேன் என்பதையும் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் என்னைச் சுயநலக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சாக்கு வைத்த அன்றிலிருந்து நான் அந்தக் கொட்டகையில் படுக்கவில்லை, எங்களை ஏற்றி வந்த வேனில்தான் படுத்தேன். என் பங்குக் காற்றையும் அவர்களுக்கே விட்டுக்கொடுத்தேன்.