ஒரு எழுத்தைத் திருத்த

– மூணு வாட்டி போன கட் பண்ணேன். இப்ப கடைக்கே வந்து நிக்கிற. இன்னாமா வோணும் ஒனக்கு?

– பூபாலன் அண்ணன்தான? லஞ்சம் கேட்டா எழுதிப் போடுற ஆப்ல ஒரு புகார் போட்டிருந்தீங்க. அதைச் சரிபாக்குற ஆளு நான். பேரு எழிலரசி.

– பேரு வெளிய வராதுன்னுதான அதுல போட்டுக்கீது? அப்பால என் கடை எப்டி தெரிஞ்சுது?

– வெளிய வரல அண்ணே. எங்களுக்கு மட்டுந்தான் தெரியும். நசரத்பேட்டையில பஞ்சர் கடைன்னு நீங்களே எழுதியிருந்தீங்க.

– அந்த ஆபீஸ்லேந்து அனுப்ச்சாங்களா ஒன்ன? போன ஏன் கைலயே புட்ச்சினுகீற? ரெக்கார்டு பண்றியா?

– இல்லண்ணே. இந்தாங்க, ஆஃப் பண்ணிட்டேன். பர்த் சர்டிபிகேட் குடுக்குற அதே ஜன்னலப் பத்தி முப்பத்திரெண்டு பேரு போட்டிருக்காங்க. ஒருத்தராவது கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் மேல கொண்டுபோக முடியும்.

– அப்ப மிச்ச பேராண்ட போ.

– போயிட்டுதான் வரேன். பாதிப் பேரு போனை எடுக்கல. மீதிப் பேரு, நான் போடவே இல்லன்னுட்டாங்க.

– வெவரமானவங்கோ. தபாரு, எம் பொண்ணு பேரு ரேகா. பர்த் சர்டிபிகேட்ல ரேவான்னு அட்ச்சி வெச்சிக்கீறாங்கோ. ஒரே எழுத்து. அத்தக் காட்டுனா இஸ்கூல்ல சேத்துக்க மாட்டேன்றாங்கோ. அந்த ஜன்னல்ல குந்தினுகீறவனாண்ட ரெண்டாயிரம் குட்த்தேன். வெள்ளிக்கெயம வந்து வாங்கினு போன்னான். இன்னிக்கு நான் கையெய்த்து போட்டா, அவன் அன்னிக்கு அத்தக் குடுப்பானா?

– வாங்கிட்டே போடுங்க. அது வரைக்கும் காத்திருக்கேன்.

– நீ எதுக்குமா காத்துகினு இருக்கணும்? பாத்தா ஆபீஸ் போற பொண்ணாட்டம் கீற. உன்னாண்ட யாரும் துட்டு புடுங்கல. ஒனக்கு இன்னா வந்துச்சு இதுல?

– பணத்தை அவர் கையில வாங்கினாரா அண்ணே?

– கைல தொட மாட்டான். நாக்காலில தொங்குற பைல போடுன்னான்.

– சாப்பாட்டுப் பையா? பச்சை கலர்ல, ஒரு காது பிஞ்சு, கறுப்பு நூல்ல தெச்சிருக்குமா?

– இன்னாது? அத்த நான் எய்தவே இல்லியே! நெனச்சேன், நீ அவன் ஆளுதான். யாரு நீ? சொல்லிட்டுப் போ!

– அந்தக் காதைத் தெச்சது நான் அண்ணே. தெனம் காலைல அதுல சோறு கட்டி அனுப்புறதும் நான்தான். அவரு எங்க அப்பா.