டாங்கிக்குப் போர்த்திய போர்வை

தீபாவளி முடிந்த வாரம், மலேசியாவின் ஸ்கூடாயில் சிங்கப்பூர் பஸ்சுக்கு எரிச்சலோடு காத்து நின்றேன். எனக்கு முன்னால் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள்.

"எங்க வீட்டுக்காரரு சோலார் சுடுதண்ணி டாங்கிக்குப் போர்வை போத்திட்டாரு லா."

"அலமாக்! எதுக்கு?"

"தீபாவளிக்கு விடியக்காலையில எண்ணெ தேச்சுக் குளிக்கணும்ல. பகல் வெயில்ல சூடான தண்ணி அதுவரைக்கும் தாங்குமான்னு பயம். இருக்கறதுலயே தடிச்ச போர்வையத் தூக்கிக்கிட்டு கூரை ஏறிட்டாரு."

"தாங்குச்சா?"

"சுடச்சுட இருந்துச்சு! தங்காக்லேர்ந்து வந்த நாத்தனாருங்க, புள்ளைங்க எல்லாரும் ஆசை தீரக் குளிச்சாங்க. இவரு கடைசியாப் போனாரு. சுடுதண்ணி தீந்துபோச்சு. நடுங்கிக்கிட்டே வந்து அந்தத் தடிச்ச போர்வையக் கேட்டாரு."

"குடுத்தியா?"

"எங்க குடுக்கறது? அது கூரை மேலல்லவா இருக்கு!"