பிழை மலிந்த கட்டி

அக்கா: ...அந்த ஒரு கட்டியை மட்டும் ஏன்டா ஓரமா ஒதுக்கி வச்சிருக்க?

தம்பி: நீதானே ரூல் போட்ட! பழைய கேன்சர் நோயாளிங்களோட கட்டி விவரத்தைத்தான் கம்ப்யூட்டர்ல போடணும், அவங்க பொழைச்சாங்களா இல்லையாங்கறதை மறைச்சு வச்சுட்டு அதைக் கண்டுபிடிக்கச் சொல்லணும்னு. இதுக்கு என்ன ஆச்சுன்னே எழுதலையே.

அக்கா: இன்னும் ஒண்ணும் ஆகல. அதான் எழுதல.

தம்பி: அப்ப ஆளு...

அக்கா: உயிரோட இருக்காங்க. எந்த மருந்துன்னு இன்னைக்கு முடிவு பண்ணியாகணும். ப்ரோகிராம்ல போட்டு ஓட்டுனியா?

தம்பி: டாக்டரம்மாவே ரூலை மீறினா...

அக்கா: உயிரை வாங்காதடா!

தம்பி: ஓட்டுனேன்.

அக்கா: ம்... ரொம்ப மோசமா?

தம்பி: மைக்ராஸ்கோப்புல பார்த்தவ நீ. நீ சொல்லு.

அக்கா: செல்லெல்லாம் கன்னாபின்னான்னு கிடந்துச்சு. மரபணுவுல பிழை வேற கொட்டிக் கிடக்கு. அதைப் பார்த்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே...

தம்பி: நானும் பயந்துதான் போனேன். ஆனா கம்ப்யூட்டர் இவங்களை ரொம்ப வருஷம் இருக்கறவங்க பக்கம் தள்ளுது.

அக்கா: தப்பா ஓட்டியிருப்ப.

தம்பி: திரும்பத் திரும்ப ஓட்டிட்டேன். எதை வச்சு சொல்றன்னு அதையே கேட்டேன். அந்தப் பிழைக் குவியலைத்தான் காட்டுது!

அக்கா: இரு, இரு... பிழை திருத்துற ஜீன் கெட்டுப்போன வகையா? அப்படின்னா உடம்போட எதிர்ப்புச் சக்திகிட்ட நல்ல செல் மாதிரி நடிக்கற கட்டியோட வேஷம் கலைஞ்சுடும். கொஞ்சம் மருந்து துணைக்கு வந்தா உடம்பே அதை அடிச்சு விரட்டிடும். ஆனா டெஸ்ட்ல அது இல்லைன்னு வந்துச்சே...

தம்பி: டெஸ்ட்ல தப்பிச்சிருக்கு. பிழை விழுந்திருக்கற தினுசு அதேதான்.

அக்கா: இதை யாருடா அதுக்குச் சொல்லிக் குடுத்தது?

தம்பி: யாருமே இல்ல. போனவங்களும் பொழைச்சவங்களும் விட்டுட்டுப் போனதைப் பார்த்து அதுவா கத்துக்கிட்டிருக்கு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு.

அக்கா: அப்ப பொழைச்சுடுவாங்கன்னே சொல்லுதா?

தம்பி: ஜோசியம் இல்லக்கா. தப்பாவும் போகலாம்.

அக்கா: தெரியும். டெஸ்டைத் திரும்பப் போடச் சொல்றேன். ஆனா அவங்களுக்கு... இது போதும்டா. இன்னைக்கு இது போதும்.

தம்பி: அவங்கன்னா யாரு?

அக்கா: பேரு சொல்லக் கூடாது.

தம்பி: அக்கா...

அக்கா: யாரோ ஒரு நோயாளி. நீ ஏன்டா அழற?

தம்பி: ப்ரோகிராம் சரியா ஓடுதான்னு பார்க்க முதல்ல என் ரத்தத்துலேர்ந்து எடுத்த மரபணுவைத்தான் போட்டேன். எடுக்க மறந்துட்டேன். சாம்பிள் எதுவும் மாறிப்போயிருக்கான்னு பார்க்கறப்ப கம்ப்யூட்டர் காலையிலேயே சொல்லிடுச்சு, அந்த நோயாளியும் நானும் கூடப்பொறந்தவங்கன்னு. எனக்குக் கூடப்பொறந்தவ நீ ஒருத்திதானேக்கா.