தினம் இரண்டு தடவை

என் கையெழுத்து அழகாக இருக்கும், இன்ஸ்பெக்டர் சார். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பாய்லர் ரீடிங் நோட்டு என் பொறுப்பு. மணிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். நான் ஷிப்ட் ஏறியதுமே எட்டு மணி நேரத்துக்கும் எழுதி முடித்துவிடுவேன். பதினோரு வருஷத்தில் பாய்லர் ஒரு நாளும் நின்றதில்லை.

வீட்டில் நானும் அண்ணன் துளசிராமனும்தான். அவருக்குச் சிறுநீரகத்தில் வந்த கேன்சர் ஈரலுக்கும் பரவிவிட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஏற்றினார்கள். அந்தச் சக்தி சிலருக்குக் குடலையே தாக்கும் என்றார் டாக்டர். தினம் எத்தனை தடவை வெளிக்குப் போகிறார் என்று எழுத ஒரு தாள் கொடுத்தார்கள். நாலைத் தாண்டினால் உடனே போன் செய்ய வேண்டும், மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாவது டோஸ் முடிந்து ஸ்கேன் எடுத்தால் கட்டி பாதியாகியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் கண்டக்டருக்குக்கூட மைசூர்பாகு கொடுத்தேன். பெரியபாளையத்து அம்மனுக்கு, உடம்பில் வேப்பிலைச் சேலை கட்டி வலம் வருவதாக வேண்டிக்கொண்டேன். ரோட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

அந்த வாரமே அண்ணனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஆறு தடவை, பிறகு பதினொன்று. வெண்ணெய் திரண்டு வரும்போது யாராவது தாழியை உடைப்பார்களா? மாதம் முழுக்க ‘இரண்டு’ என்று தாளை நிரப்பினேன். நர்ஸ் ரம்யா போனில் கேட்டபோதும் அதையே சொன்னேன்.

“ரத்தமா போவுதுடா குணா. அந்த நர்சம்மாக்கு ஒரு போன் போடேன்.”

“கம்முனு இருண்ணா. மருந்து வேலை செஞ்சிக்கினு கீது.”

அவர் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் மருந்து நின்றுவிடுமே. மூன்றாவது டோஸுக்கு, வேட்டிக்குள் துணி வைத்துக் கட்டி நானே கூட்டிப் போனேன். “நல்லாக்கீறேன்னு சொல்லுண்ணா” என்றேன். சொன்னார். என் சந்தோஷத்தைக் கெடுக்க அவருக்கு மனசு வராது.

அதற்கு ஒன்பதாம் நாள் நினைவு தப்பியவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்; ஸ்கேன் எடுத்தார்கள், குடல் ஓட்டையாகி அன்றைக்கே இறந்துபோனார். கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசி நாள் எடுத்த ஸ்கேனையும் கூடவே வையுங்கள் சார். ஈரல் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருக்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் கேன்சரில்தான் போனார்கள். எங்கள் குடும்பத்தில் அதிலிருந்து பிழைத்த முதல் ஆள் என் அண்ணன்தான்.